வேப்பங்குச்சி வைத்த நரி

எங்கள் பிரசார இலாகாவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிக் கதை சொல்லும் வண்டிகளை நிறுத்தப் போகிறார்களாம். இனிமேல் ரேடியோவும் சினிமாவும் போதுமாம். யுத்த காலத்தில் அந்த வண்டியில் போனவர்களில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "மிருகக் கதைகள் சொல்லி மக்கள் மனத்தில் இடம்பிடித்த தங்கள் அனுபவங்களை எங்கள் மலருக்கு எழுதித் தர வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள். ஒரு புகைப்படமும் அனுப்பச் சொன்னார்கள்.

புகைப்படம் அனுப்பப் போவதில்லை. அனுபவத்தை எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ, மடித்து வைப்பார்களோ, அது அவர்கள் பாடு.

நான் பூந்தமல்லிக்காரன். இன்டர்மீடியட் தேறிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், கதை எழுதிக்கொண்டிருந்தேன். பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், போன வேகத்தில் திரும்பி வரும். அந்தச் சமயத்தில் யுத்தம் வந்தது. சர்க்காருக்குத் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டது. ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மைக்குக்கு எவ்வளவு தள்ளி வாயை வைப்பது, கூட்டம் கலையும்போது குரலை உயர்த்தாமல் தாழ்த்துவது, இவ்வளவுதான் கற்றுக்கொண்டேன். மாதம் முடிந்ததும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

குமணன்சாவடி முக்கில் ஒரு மாடி வீட்டில் எங்கள் ஆபீஸ். நூம்பல், திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர் வரைக்கும் எங்கள் சரகம். லாரியில் மூன்று பேர்தான் போவோம். நான், டிரைவர் காதர் பாய், கிராமபோன் பெட்டி. பெட்டியை மூன்றாவது ஆளாகச் சேர்த்தது காதர் பாய்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டுகிற கூட்டத்தைவிட அது ஒன்றே அதிகம் கூட்டும் என்பார்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு கதைக்குப் பன்னிரண்டு அட்டை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கதவு அளவு இருக்கும். லாரியின் பின்பக்கம் ஒரு மரச்சட்டம் அடித்திருக்கும், அதில் அட்டையைச் செருகிக் காட்ட வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்குள் ஊருக்குள் போய்விட வேண்டும், லாரியின் பின்பக்கத்தை மேற்கே பார்த்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் வெயில் நேரே படத்தின் மேல் விழும், பார்க்கிறவர்களின் கண்ணில் விழாது. முதலில் பாட்டு. கூட்டம் சேர்ந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் கதை. தாளில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, குறைக்கவும் கூடாது.

கதையை எழுதுவதும் நான்தான். ஆனால் இன்ன மிருகம் இன்னார் என்பது மேலிருந்து முடிவாகி வரும். யானை என்றால் சர்க்கார். புலி என்றால் எதிரி. மான் குடியானவன். எலி தானியம் பதுக்குகிறவன். நரி வதந்தி பரப்புகிறவன். சிங்கம் ஒருநாளும் வராது, ராஜாவைப் பேச வைக்க எங்களுக்கு உத்தரவு இல்லை. ஆரம்பத்தில் பாம்பு இருந்தது, எதிரியின் ஒற்றன் என்று. திருவேற்காட்டில் அந்த அட்டையைத் தூக்கினதும் பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "தாயே" என்றார்கள். ஒரு கிழவி சூடம் கொண்டு வர ஓடினாள். அத்தோடு பாம்பை எடுத்துவிட்டோம்.

என் மேலதிகாரி பெயர் மாசிலாமணி. அவர் அதட்டி நான் கேட்டதே இல்லை. 'செய்' என்றும் சொல்ல மாட்டார். 'செய்தால் நன்றாயிருக்கும், அல்லவா?' என்பார். கோடைக்காலத்தில் ஈரக் கைக்குட்டை ஒன்றைப் பின்கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி என் கதையைக் கேட்பார். ஒவ்வொரு மிருகம் வரும்போதும் ஒரு விரலை மடக்குவார். எங்காவது ஒரு மிருகம் 'ஏன்?' என்று கேட்டுவிட்டால் கண் திறந்துவிடும். "மிருகம் பேசட்டும், தடையில்லை. கேள்வி மட்டும் கேட்க வேண்டாம்" என்பார். அவர் முன்னால் நாங்கள் நின்றுகொண்டுதான் பேசுவோம். என்றைக்காவது நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால், நமக்குப் பிடிக்காத வேலை ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கூட்டம் எவ்வளவு, கைதட்டினார்களா, கடைசியாக 'எழுந்த கேள்விகள்' என்று ஒரு கட்டம். கேட்டவர் பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் எழுத வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் அந்தக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விவரம் தெரிந்தவர்கள். நான் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன். யார் எப்படிப் பேசினார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்றெல்லாம் அவர்கள் பேச்சிலேயே எழுதுவேன். பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பின எழுத்தை இங்கே ஒருவர் கண்ணை மூடி ரசித்துக் கேட்கிறாரே என்ற பெருமை. அது ரசனை இல்லை என்று புரிந்துகொள்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. அந்தப் புத்தி இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஆவடிப் பக்கம் ஒரு கிராமம். புங்கந்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். அங்கே ராணுவச் சாமான்களுக்குக் கிடங்கு கட்ட நிலம் எடுத்தார்கள். பட்டா வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, யுத்தம் முடிந்ததும் நிலம் திரும்பி வரும் என்ற வாக்கும் உண்டு. ஏரிக்கு அந்தாண்டை சேரித் தெரு. நாற்பது வீடு. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் உழைத்தவர்கள் அவர்கள். குடியிருந்த மண்ணுக்கும் காகிதம் கிடையாது. ஆகவே அவர்களுக்கு ஈடும் கிடையாது, வாக்கும் கிடையாது.

அந்த ஊருக்காக நான் எழுதிய கதை இது. மான்கள் ஒரு புல்வெளியில் மேய்கின்றன. புலி வருகிறது என்று சேதி வருகிறது. யானை வந்து, "இந்தப் புல்வெளியைக் கொஞ்ச காலம் எனக்குக் கொடுங்கள். இங்கே நின்று நான் புலியைத் தடுக்கிறேன். அதுவரை வேறு காட்டில் உங்களுக்குப் புல் தருகிறேன். புலி போனதும் இது உங்களுடையது" என்கிறது. மான்கள் சந்தோஷமாகக் கொடுத்து வாழ்த்துகின்றன. பன்னிரண்டாவது அட்டையில் யானைக்கு மாலை.

கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு ஊர் மணியக்காரர் உட்கார்ந்திருந்தார். குடியானவர்கள் தரையில். சேரி ஜனங்கள் இன்னும் தள்ளி, ஏரிக்கரையில். கதை முடிந்து கைதட்டினார்கள். கரையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முண்டாசு, காதில் வேப்பங்குச்சி. பல் தேய்த்த பாதிக் குச்சியைக் காதில் செருகிக்கொள்வது அவர் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"வாத்தியாரே, கதை ஷோக்கா கீது. ஒரு சந்தேகம். இதுல நாங்கோ யாரு?"

"நீதான் மான்" என்றேன். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. நான் 'நீ' என்றுதான் பேசினேன். அந்தக் காலத்து வழக்கம் என்று இப்போது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

"நான் எப்படி மானு? மானுக்குப் புல்லு சொந்தம், பட்டா கீது. தோ நாற்காலில குந்திகினு கீறாரே, அவுரு மானு. நாங்கோ புல்லுக்குள்ள பொந்து பறிச்சிகினு கீற முயலுங்கோ. மானுக்கு வேற காட்டுல புல்லு தரேன்னு ஆனை சொல்லிச்சி. முயலுக்கு இன்னா தரேன்னிச்சி?"

நான் தாளைப் பார்த்தேன். தாளில் முயலே இல்லை.

"இந்தக் கதையில் முயல் கிடையாது" என்றேன்.

"அத்தான் கேக்குறேன். ஏன் இல்லே?"

சிரிப்பு எழுந்தது. குடியானவர்களும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப நான் சொல்றேன் கேளுங்கோ. ஆனைக்கு ஒடம்பு எம்மாம் பெரிசு, கண்ணு தக்கனூண்டு. கீழ கீறது தெரியாது. அதனால ஒரு கொழுத்த மானைக் கூப்பிட்டு, நீ காலால கோடு போடு, கோட்டுக்கு உள்ள கீறதெல்லாம் எனக்குன்னிச்சாம். மானு கோடு போட்டுகினே வந்துச்சாம். தன்னோட மாந்தோப்பு வந்ததும் கோட்ட அப்பிடியே வளைச்சிச்சாம். வளைச்ச கோடு எங்க போச்சி? முயலுப் பொந்து மேல போச்சி. ஆனை அத்தையும் சேத்து மிதிச்சிகினு போச்சாம். கதை ஆயிடுச்சி."

கூட்டம் முழுக்க மணியக்காரரைப் பார்த்துச் சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். லாரிக்குப் பக்கத்தில் காதர் பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அன்று கிளம்புவதற்கு முன்னால் ஏரிக்கரையோரம் நான் நடந்து போய்ப் பார்த்தேன். சர்வேக்காரர்கள் நட்ட எல்லைக் கல் வரிசையாக நேராக வந்தது. மணியக்காரரின் மாந்தோப்பு வரும் இடத்தில் திடீரென்று சேரிப் பக்கம் ஒதுங்கியது. அங்கே நாலைந்து கல்லின் அடியில் மட்டும் மண் புதிதாக இருந்தது. பிடுங்கி நட்டிருக்கிறார்கள். இதை நான் எழுதியே ஆக வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

படிவத்தில் அந்தக் கல்லைப் பற்றி எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை. 'எழுந்த கேள்விகள்' கட்டத்தில் மட்டும் அந்தக் கதையை ஒரு சொல் விடாமல் எழுதினேன். முனுசாமி, தகப்பனார் கன்னியப்பன், ஏர் ஓட்டும் கூலி. எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கதையை, அந்த மனிதர் நின்ற இடத்தில் நின்றபடி தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து மாசிலாமணி என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அறை முழுக்க மாம்பழ வாசனை. மூலையில் ஒரு கூடை. மேஜை மேல் என் படிவம், சில வரிகளுக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

"அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டீர்களே" என்றார்.

நான் கோடு போட்டிருந்த வரிகளைப் பார்த்தேன்.

"அவர் இப்போது ஒரு மனுவில் கைநாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாராம். எல்லையைத் திரும்ப அளக்க வேண்டும் என்று. நாற்பது வீடும் வைத்துவிட்டால் கலெக்டர் அளக்கச் சொல்லிவிடுவார். வேலை நின்றுபோகும். யுத்த காலம் பாருங்கள்." கைக்குட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "முயலைச் சேர்க்கவில்லை என்று குறைப்பட்டாரே, சேர்த்துவிடுங்கள். அவரையும் சேர்த்துவிடுங்கள். ஜனங்களுக்கு அடையாளம் தெரிந்தால் நன்றாயிருக்கும், அல்லவா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த மனிதரை ஜெயிக்கிற மாதிரி ஒரு கதை எழுத முடியுமா என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கிளம்பும்போது என் பங்கு மாம்பழத்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எந்தத் தோப்புப் பழம் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

அந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதினேன். பெயிண்டர் வந்ததும் எந்த அட்டையில் என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "நரிக்கு முண்டாசு கட்டு" என்றேன். கட்டினார். எனக்குப் போதவில்லை. "காதில் ஒரு வேப்பங்குச்சி வை" என்றேன். அந்தக் குச்சி மாசிலாமணி சொன்னதில்லை, மணியக்காரர் சொன்னதில்லை. என் சொந்தச் சரக்கு.

மறுபடி புங்கந்தாங்கல் போனோம். இந்தத் தடவை சேரி ஜனங்களை முன்னால் உட்கார வைக்கச் சொல்லி உத்தரவு. அவர்களுக்கே ஆச்சரியம். கூச்சத்தோடு வந்து லாரிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். முனுசாமி முதல் வரிசையில் இருந்தார்.

முதல் அட்டை. புல்வெளி, மான்கள், புல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முயல்கள். முனுசாமியின் முகம் மலர்ந்தது.

"எங்கள சேக்க வச்சிட்டீங்கோ வாத்தியாரே!" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். "சொன்னேன்ல? படிச்ச பையன், மேல போய் எடுத்துச் சொல்லுவான்னு சொன்னேன்ல?"

நான் கதையைப் படித்தேன். யானை முயல்களுக்கும் ஏதோ இடம் பார்க்கிறேன் என்கிறது. முயல்கள் நம்பிக் காத்திருக்கின்றன. ஏழாவது அட்டையைச் செருகினேன். முண்டாசு கட்டிய நரி, காதில் வேப்பங்குச்சி. அது முயல்களிடம் வந்து, "உங்கள் கால் தடத்தை இந்த இலையில் பதித்துக் கொடுங்கள், பொந்து உங்களுக்கே கிடைக்கும்" என்கிறது.

குபீர் என்று சிரிப்பு. முனுசாமியின் தம்பி மனைவி வாய்விட்டுச் சிரித்தபடி, "இன்னா மாமா, ஒன்ன மாதிரியே கீது!" என்றாள். முனுசாமியும் சிரித்தார். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, கேலிதானே என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். கை தானாகப் போய்க் காதிலிருந்த குச்சியைத் தொட்டது.

எட்டாவது அட்டையிலும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. ஒன்பதாவது அட்டையில் நரி அந்த இலையைக் கொண்டு போய்ப் புலியிடம் நீட்டுகிறது. "எந்தப் பொந்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இதோ அடையாளம்" என்கிறது. நான் குரலைத் தாழ்த்தினேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி. பத்தாவது அட்டையில் புலி ஒவ்வொரு பொந்தாகத் தேடி வருகிறது. குழந்தைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். சிரிப்புச் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. கடைசி அட்டையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் முனுசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்துவிட்டது. சிரித்த அந்தத் தம்பி மனைவிதான் முதலில் போனாள்.

"மாமா, என் கைநாட்டக் குடு."

"இன்னாடி, அந்த ஆளு கதை சொன்னா நீ..."

"கதையோ கிதையோ. புள்ளகுட்டிக்காரி நான். என்னுதக் குடுத்துரு."

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்னுதக் குடு, என்னுதக் குடு. அவர் வேட்டி மடிப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வரிசை வரிசையாகக் கட்டைவிரல் ரேகை. பெயர் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பூந்தமல்லியில் மனு எழுதிக் கொடுத்தவர், பெயரெல்லாம் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார் போல.

"தோ கீது. எது ஒன்னுது? எடுத்துக்கோ" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு. அடுத்தவள் பார்த்தாள். ஒருவர் தன் கட்டைவிரலைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். யாருக்கும் தன்னுடையதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியாமல் போனதில் பயம் இன்னும் அதிகமாயிற்று. கடைசியில் யாரோ காகிதத்தைப் பிடுங்கி மொத்தமாகக் கிழித்தார்கள். கிழித்ததை அடுப்பில் போட ஒருத்தி பொறுக்கிக்கொண்டு போனாள்.

முனுசாமி அவர்களைத் திட்டவில்லை. லாரியைப் பார்த்தார். நான் திரும்பி நின்று கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே போட்ட முடிச்சை.  ஆபீஸ் வாசலில் இறங்கும்போது காதர் பாய், "நீ நல்லா எழுதறே தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு டீ குடிக்கவில்லை. சீக்கிரமே வேறு வண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய படிவத்தில் 'எழுந்த கேள்விகள்: ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

மாதம் முடிவதற்குள் சேரித் தெரு போய்விட்டது. மாந்தோப்பு இருந்த இடத்தில் இருந்தது. எனக்குச் சம்பள உயர்வு வந்தது, எல்லா வண்டிகளுக்கும் கதை எழுதித் தரும் பொறுப்பும் வந்தது. அந்த நரி மற்ற ஊர்களுக்கும் போயிற்று. அங்கே மாட்டுத் தரகர் மாதிரியும் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியும் இருந்தது. யாரைக் காட்ட வேண்டுமோ அவர் என்ன வைத்திருக்கிறாரோ அதை வரைந்தால் போதும். எப்படிச் செய்வது என்று நானே மற்றவர்களுக்கு விளக்கினேன்.

யுத்தம் முடிந்தது. நிலம் யாருக்கும் திரும்பி வரவில்லை. சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆவடிக் கிடங்கில் அறிவிப்புகள் ஒட்டுவது சம்பந்தமாக ஒரு காலையில் போயிருந்தேன். வாசலில் கூலியாட்களுக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நரி முனுசாமி!"

"கீறேன் சார்."

கம்மலான குரல். முண்டாசு இல்லை, காதில் குச்சி இல்லை. மெலிந்து போயிருந்தார். பெயர் கூப்பிட்ட மேஸ்திரி கேலியாகக் கூப்பிடவில்லை. அங்கே நாலு முனுசாமிகள் இருந்தார்கள், அடையாளத்துக்காக அப்படி எழுதி வைத்திருந்தார்கள். அவரும் கோபமாகப் பதில் சொல்லவில்லை. அது அவருக்குப் பெயராகிவிட்டிருந்தது.

நான் நழுவிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"யாரு, லாரி வாத்தியாரா?" பக்கத்தில் வந்தார். "நல்லா கீறீங்களா?"

டீ வாங்கித் தந்தேன். மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் உட்காரச் சொல்லியும் சற்றுத் தள்ளியே குந்தினார். இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ரயில் பாதை ஓரம் கொஞ்சம் பேர், பட்டாபிராம் பக்கம் கொஞ்சம் பேர், தெருவே சிதறிவிட்டது என்றார். தம்பியும் தம்பி மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பெண்ணுக்கு இரண்டு இடத்தில் சம்பந்தம் பேசி, 'அந்த நரி ஊடா?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். இதையெல்லாம் என் மேல் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ஊர் சேதி சொல்வது மாதிரி சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நிச்சயம் எடுத்தேன். "முனுசாமி, அந்தக் கதை..." என்று ஆரம்பித்தேன்.

"உடுங்கோ. நீங்கோ இன்னா பண்ணுவீங்கோ? குடுத்தத்தைப் படிச்சீங்கோ. உங்கோ மேல எனக்கு வருத்தமே கிடையாது" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா அத்த எழுதினவன் எவனோ, அவனை ஒரு தபா பாக்கணும். நான் பல்லு வெளக்கிட்டு குச்சிய எங்க வைக்கிறேன்றது வரைக்கும் தெரிஞ்சிகினு எழுதிக்கிறான் பாரு. அம்மாம் கிட்ட வந்து என்னப் பாத்தவனுக்கு, நான் சொன்னது நெசமா பொய்யான்னு தெரியாமலா பூடும்? அத்த மட்டும் அவனைக் கேக்கணும். வேற ஒண்ணும் வாணாம். அவுரு எங்க கீறாரு, தெரியுமா?"

என் எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அவர் செத்துட்டார்" என்றேன்.

முனுசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். 

"அடப் பாவமே" என்றார். "வயசானவரா?"

"இல்லை. சின்ன வயசுதான்."

"புள்ளகுட்டி கீதா?"

"ரெண்டு பொண்ணுங்க."

"த்சு... த்சு..." என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். மேஸ்திரி கூப்பிட்டதும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அவன் பண்ணதுக்கு அதுங்க இன்னா பண்ணும்? நல்லா இருக்கட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் இரண்டு பெண்களும் நன்றாக இருக்கிறார்கள்.